மாரப்பனின் இரண்டாவது சரணம்

கோயமுத்தூரிலிருந்து கோபிசெட்டிபாளையம் வரைக்கும் உள்ள கல்யாண மண்டபங்களில், போன பத்தொன்பது வருடங்களில் நீங்கள் ஏதாவது ஒரு வரவேற்பில் கை நனைத்திருந்தால், மாரப்பனின் குரலைக் கட்டாயம் கேட்டிருப்பீர்கள். பாட்டாக அல்ல. "முதல் பந்தி தயாராக உள்ளது, உணவருந்தாத உறவினர்கள் உணவுக் கூடத்துக்குச் செல்லுமாறு மணமக்கள் வீட்டார் சார்பில் அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே ஒரு குரல் குழைவாகவும் கண்டிப்பாகவும் வருமே, அதுதான் மாரப்பன். வாசலை மறித்து நிற்கும் வெள்ளை நிறக் காரை எடுக்கச் சொல்வதும் அவரேதான். ஆளைப் பார்த்திருக்க மாட்டீர்கள். டிரம்ஸுக்குப் பின்னால், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், பேஸ் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பார்.

அந்த மெல்லிசைக் குழுவுக்குப் பேனரில் ஏதோ நீளமான பெயர் உண்டு. ஊரில் எல்லோரும் 'சென்னகேசவன் பார்ட்டி' என்றே சொன்னார்கள். சென்னகேசவன் பழைய மில் குடும்பத்துக்காரர். மில்லை விற்ற பிறகு ஆர்மோனியத்தைப் பிடித்துக்கொண்டவர். மாரப்பன் அவரிடம் வந்து சேர்ந்தபோது வயது இருபத்து நான்கு. அதுவரை பம்ப்செட் பட்டறையில் கடைசல் வேலை. சினிமாப் பாட்டு வாசிக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, வாடகைக் கிடாரோடு போய் நின்றார். கிடாருக்கு ஏற்கெனவே இரண்டு பேர் இருக்கிறார்கள், பேஸ் கிடாருக்குத்தான் ஆள் இல்லை என்றார் சென்னகேசவன். ஆறு கம்பி வாசிக்கிறவனுக்கு நாலு கம்பி எம்மாத்திரம் என்று நினைத்து மாரப்பன் சரி என்றுவிட்டார். அந்தச் சரிதான் பத்தொன்பது வருடம் இழுத்தது.

மாரப்பனுக்கு ஒரு ரகசியம் இருந்தது. ரகசியம் என்றால், குழுவின் வேனில் இருந்த பத்துப் பேருக்கும் தெரிந்த ரகசியம். அவர் பாட்டு எழுதுவார். மெட்டும் அவரே போடுவார். போகிற வழியில், அன்னூர் தாண்டி வேன் ஒரே சீராக ஓடும்போது, கல்யாணப் பத்திரிகைகளின் பின்புறத்தில் எழுதுவார். கணக்குப் பார்த்தால் முப்பத்தொரு பாட்டு. பல்லவி, இரண்டு சரணம் என்று முறையாக எழுதப்பட்டவை.

அந்த முப்பத்தொன்றில் ஒன்றைக்கூட இந்தப் பூமியில் ஒரு ஜீவன் கடைசிவரை கேட்டதில்லை. இதுதான் மாரப்பனின் குறை. வேறு குறை எதுவும் அவருக்கு இல்லை, சர்க்கரைகூட இல்லை.

வேனில் பாடினால் பல்லவி முடிவதற்குள் முன் சீட்டிலிருந்து ஒருவர் ரொம்ப நல்லாயிருக்குதுங்க என்பார். நம் பக்கத்தில் அந்தச் சொல்லுக்குப் பிறகு பாட முடியாது. அது பாராட்டும்தான், கதவைச் சாத்துவதும்தான். வீட்டில் பாடினால் மனைவி லோகப்பிரியா முதல் சரணம்வரை பொறுமையாகக் கேட்பார். அவர் கிணத்துக்கடவில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். எண்பத்து நான்கு பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு வந்து வீட்டுச் சோற்றையும் வைப்பவர். சரியாக இரண்டாவது சரணம் எடுக்கும்போது குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும். "இருங்க, வந்தர்றேன்" என்று எழுந்து போவார். போனவர் பாத்திரத்தைக் கழுவி, துணியை மடித்து, வாசலுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு வரும்போது மாரப்பன் கிடாரை உறையில் போட்டிருப்பார்.

அவருடைய பாட்டு மைக்கில் ஒலித்த இடம் ஒன்றே ஒன்றுதான். மாலை நாலு மணிக்குக் காலி மண்டபத்தில் ஒலிபெருக்கி கட்டி முடித்ததும், சவுண்ட் மிக்சரில் உட்காரும் மாசாணம் குரலைச் சரிபார்க்க யாரையாவது பாடச் சொல்வார். முன்வரிசைப் பாடகர்கள் தொண்டையைக் காப்பாற்றிக்கொண்டு எங்கேயோ டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். மாரப்பன் போய் நிற்பார். 'செக் செக்' என்று வறட்டுத்தனமாகச் சொல்வதற்குப் பதில் தன் பல்லவியைப் பாடுவார். பல்லவி முடிந்ததும் மாசாணம் கையைத் தூக்கி, "போதுமுங்ணா" என்பார். இப்படி மாரப்பனின் முப்பத்தொரு பல்லவிகளையும் கொங்கு நாட்டின் அத்தனை மண்டபங்களும் கேட்டுவிட்டன, நாற்காலிகள் மட்டும் இருந்த நேரத்தில்.

இன்னொரு வேலையும் அவருக்கு உண்டு. கூட்டத்திலிருந்து நேயர் விருப்பச் சீட்டுகள் வரும். பத்திரிகை உறையைக் கிழித்து, டிஷ்யூ பேப்பரில், சிலசமயம் வெற்றிலை மடித்து வந்த காகிதத்தில், இன்னார் இன்னாருக்காக இந்தப் பாட்டு என்று எழுதி மேடைக்கு அனுப்புவார்கள். மாரப்பன் அதை மைக்கில் படிப்பார். படித்ததும் பின்னால் திரும்பி, கீபோர்டு வாசிக்கும் ஆல்வினிடம், "இருக்குதுங்களா?" என்று கேட்பார். அந்தப் பாட்டு குழுவின் கையில் இருந்தால் ஆல்வின் தலையை ஆட்டுவார். இல்லையென்றால் மாரப்பன் கூட்டத்தைப் பார்த்து, அடுத்த நிகழ்ச்சியில் நிச்சயம் என்பார். அடுத்த நிகழ்ச்சி என்பது அதே பெண்ணுக்கு இன்னொரு கல்யாணமா என்று யாரும் கேட்டதில்லை. பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ ஆயிரம் சீட்டுகள் படித்தவருக்கு, தன் பாட்டைக் கேட்டு ஒரு சீட்டு வராதது வருத்தமில்லை. பல்லவியையே கேட்காதவர்கள் எப்படிச் சீட்டு எழுதுவார்கள்?

போன தை மாதம் கோபியில் ஒரு வரவேற்பு. வழக்கம்போல நாலு மணிக்கு மாரப்பன் தேங்காயைப் பற்றித் தான் எழுதிய ஒரு பாட்டின் பல்லவியைப் பாடி மாசாணம் கையைத் தூக்கிய பிறகு, மண்டபத்தின் கடைசியில் பூச்சரம் கட்டுவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் மேடைக்கு நடந்து வந்தாள். மணப்பெண்ணின் சித்தி மகள், பெயர் பிரத்யுஷா. ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு மாடியில் காப்பிக் கடை நடத்துகிறவள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே சொந்தமாகப் பாட்டு எழுதிப் பாடுகிறவர்களை உட்கார வைப்பது அவள் பழக்கம்.

"ஏனுங்ணா, அந்தப் பாட்டு முழுசா இருக்குதுங்களா?"

முழுசா என்ற சொல்லை மாரப்பனிடம் இதற்கு முன் யாரும் சொன்னதில்லை. இருக்குதுங்க என்று சொல்லி முடிக்கும்போது, சித்திரை மாத மூன்றாவது ஞாயிறு, மாலை ஆறரை, ஆறு பாட்டு, தனியாக அவர் ஒருவரே என்று முடிவாகிவிட்டிருந்தது.

இனிச் சொந்தப் பாட்டுதான் என்று மாரப்பன் தீர்மானித்துவிட்டார், குழுவைவிட்டு விலகுவதுதான் பெரிய பாடாகிவிட்டது. நம் ஊரில் ஒருவரிடம் நேராகப் போய், நான் போகிறேன் என்று சொல்ல முடியாது. முதல் தடவை சென்னகேசவன் வீட்டுக்குப் போனவர், மழை பற்றிப் பேசி, இரண்டு காப்பி குடித்து, வந்த விஷயத்தைச் சொல்லாமலே திரும்பினார். இரண்டாம் தடவை மழையோடு தேங்காய் விலையையும் பேசினார். மூன்றாம் தடவை சென்னகேசவனே இரக்கப்பட்டு, ஏதோ சொல்லோணும்னு வந்திருக்கறீங்க, சொல்லுங்க என்றார். மாரப்பன் சொன்னார். சென்னகேசவன் கொஞ்ச நேரம் ஆர்மோனியத்தின் மூடியைத் துடைத்தார்.

"தாராளமாப் போங்க மாரப்பன். நல்லா வரோணும். ஞாயித்துக்கெழமை மட்டும் அன்னூர்ல ஒரு ரிசப்சன் இருக்குது, அதை முடிச்சுக்குடுத்துப்போட்டுப் போயிருங்க."

அன்னூர் முடிந்ததும் பல்லடம் இருந்தது. பல்லடத்துக்குப் பிறகு ஒரு காதுகுத்து. ஒவ்வொரு தடவையும் அவர் அவ்வளவு மரியாதையாகக் கேட்டதால், விலகிய மாரப்பன் விலகிய பிறகு பதினொரு கச்சேரி வாசித்தார். பன்னிரண்டாவதன்று, பேஸ் கிடாரைச் சுவரோரம் சாத்தி வைத்துவிட்டு, சித்திரை மூன்றாம் ஞாயிறு சரிப்பட்டு வந்தால் இனி வரமாட்டேன், வராவிட்டால் திங்கட்கிழமையே வந்துவிடுகிறேன் என்று சொன்னார். சென்னகேசவன் அந்தக் கிடாரை வேறு யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். மாரப்பனின் தனிக் கச்சேரிக்கு அவர் வாழ்த்தியது நிஜம். கிடாரைத் தொடாமல் வைத்திருந்ததும் நிஜம்.

லோகப்பிரியா கேட்டது ஒரே கேள்வி, இனிமேல் தாம்பூலப் பை வராதுங்களா என்று. அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. பத்தொன்பது வருடமாக ஒவ்வொரு கல்யாணத்திலிருந்தும் மாரப்பன் ஒரு மஞ்சள் பையும் அதற்குள் ஒரு தேங்காயும் கொண்டு வந்தார். கிணத்துக்கடவில் தேங்காயைக் கொண்டு வருவதுபோல வெட்டி வேலை உலகத்தில் கிடையாது. வீட்டைச் சுற்றி எட்டு மரம் நிற்கிறது. முகூர்த்த மாதங்களில் கட்டிலுக்கடியில், அரிசி டிரம்முக்குப் பின்னால், டிவி ஸ்டாண்டில் எல்லாம் தேங்காய். சட்னி, குருமா, பால், பர்பி என்று எதைச் செய்தும் தீர்ந்தபாடில்லை. இந்தச் சங்கடத்தைத்தான் மாரப்பன் பாட்டாக்கியிருந்தார்.

*ஊரெல்லாம் கல்யாணம், எங்க ஊட்டுல தேங்காய்,*
*மூலையில மூணு கண்ணில் முழிக்குது பார் தேங்காய்*

பல்லவி லோகப்பிரியாவுக்கு மனப்பாடம். அது தன்னைக் கிண்டல் பண்ணும் பாட்டு என்று அவருக்கு ஒரு எண்ணம். அதற்கப்புறம் என்ன இருக்கிறது என்று குக்கர் அவரைக் கேட்க விட்டதில்லை.

அந்த ஞாயிறும் வந்தது. கணவனும் மனைவியும் பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறி உக்கடத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்துப் போனார்கள். அவருடைய சொந்தக் கிடார் ஒரு சீட்டில் உட்கார்ந்து வந்தது. மாடியில் சுமார் நாற்பது பேர். பாதிப் பேர் தரையில் மெத்தை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசையில் வெள்ளை வேட்டியில் சென்னகேசவன், பக்கத்தில் லோகப்பிரியா. சுவரில் ஓர் அறிவிப்பு: பாட்டு நடக்கும்போது யாரும் பேச வேண்டாம், கவுண்டர் இயங்காது. பிரத்யுஷா காப்பி மெஷினை அணைத்தாள். கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். எல்லோரும் செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாரப்பனைப் பார்த்தார்கள்.

இந்த மாதிரி ஒன்றை மாரப்பன் பார்த்ததே இல்லை. அவர் வாசித்த இடங்களில் எல்லாம் இலை போடும் சத்தம், நாற்காலி இழுக்கும் சத்தம், குழந்தைகள் மேடைக்குக் கீழே ஓடும் சத்தம், வந்தவர்கள் வராதவர்களைப் பற்றிப் பேசும் சத்தம் இருக்கும். அந்தச் சத்தத்தின் மேல் சாய்ந்துகொண்டுதான் அவர் பத்தொன்பது வருடம் வாசித்தார். இங்கே மின்விசிறி சுற்றுவது கேட்டது. தன் எச்சிலை விழுங்கியது தனக்கே மைக்கில் கேட்டது.

முதல் பாட்டைப் பாடினார். இரண்டாவது சரணத்துக்குப் பயந்துகொண்டே வந்து, ஒரே ஓட்டமாக ஓடி முடித்தார். கூட்டம் கைதட்டவில்லை. விரல்களைச் சொடுக்கியது. அந்த இடத்தில் அதுதான் பாராட்டும் முறை என்பதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நம் ஊரில் விரலைச் சொடுக்கி ஆளைக் கூப்பிட்டால் அடிதடியாகிவிடும், சப்ளையரைக் கூப்பிடுகிறவன்கூட ஏனுங்க என்றுதான் கூப்பிடுவான். நாற்பது பேர் ஒரே நேரத்தில் சொடுக்குகிறார்கள் என்றால் என்ன பசியோ என்று அவருக்குத் தோன்றியது. இரண்டாவது பாட்டு முடிந்தது. மறுபடியும் சொடுக்கினார்கள்.

மூன்றாவதாகத் தேங்காய்ப் பாட்டு. பல்லவிக்குச் சிரித்தார்கள், கொஞ்சம் தெம்பு வந்தது. முதல் சரணம் முடிந்தது. இரண்டாவது சரணத்துக்கு முன் கிடாரில் நாலு சுற்று வாசிக்க வேண்டும். அந்த நாலு சுற்றில் நாற்பது பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு அவர் வாயைப் பார்த்தார்கள். லோகப்பிரியாவும் பார்த்தார். குக்கர் இல்லை. எழுந்து போக வழியில்லாமல் தன் மனைவி தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதை மாரப்பன் கண்டார். சரணத்தின் முதல் சொல் எங்கோ போய்விட்டது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அன்பார்ந்த உறவினர்களே, முதல் பந்தி தயாராக உள்ளது. உணவருந்தாத உறவினர்கள் உணவுக் கூடத்துக்குச் செல்லுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். வாசலில் நிற்கும் வெள்ளை நிறக் காரை உடனடியாக எடுக்கவும்."

முப்பத்தொரு பாட்டையும் இதுவரை யாரோ ஒருவர் பாதியில் நிறுத்தினார். முழுசாகக் கேட்க ஆள் கிடைத்த அன்றைக்கு அவரே நிறுத்திவிட்டார்.

வேறு ஊராக இருந்தால் சிரித்திருப்பார்கள். இது கோயமுத்தூர். சாப்பிட வாருங்கள் என்று ஒருவர் மரியாதையாகக் கூப்பிட்ட பிறகு உட்கார்ந்திருந்தால் கூப்பிட்டவர் மனசு என்ன பாடுபடும்? முதலில் சென்னகேசவன் எழுந்தார். அவருக்கு நாற்பது வருடப் பழக்கம், பந்தி என்ற சொல் காதில் விழுந்தால் வேட்டியை மடித்துக் கட்டிவிடுவார். பெரியவர் எழுந்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்தார்கள். பிறகு மெத்தைக்காரர்களும் எழுந்தார்கள். ஒருவர் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் ஓடினார், கோயமுத்தூரில் எந்த வாசலிலும் ஒரு வெள்ளைக் கார் நிற்கும். நாற்பது பேர் கவுண்டருக்கு முன்னால் வரிசையில் நின்றதும், பிரத்யுஷா தன் அறிவிப்புப் பலகையை ஒரு தரம் பார்த்துவிட்டுக் காப்பி மெஷினைப் போட்டாள். முட்டைப் பப்ஸும் வாழைப்பழக் கேக்கும் வெளியே வந்தன. தட்டு மோதியது, ஸ்பூன் விழுந்தது, மெஷின் புஸ்ஸென்று ஆவி விட்டது.

மாரப்பன் கிடாரின் மேல் கவிழ்ந்து உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை காலையில் எத்தனை மணிக்குச் சென்னகேசவன் வீட்டுக் கதவைத் தட்டலாம் என்பதுதான் அவர் மனசில் ஓடியது. காலியான மெத்தைகளுக்கு நடுவில் ஒரே ஆள் மட்டும் எழாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, பஸ்ஸேறி இவ்வளவு தூரம் வந்தது பாதிப் பாட்டுக்குங்களா?" என்றார் லோகப்பிரியா. "அவங்க பாட்டுக்கு உண்ணட்டும். நீங்க மிச்சத்தப் பாடுங்க."

மாரப்பன் நிமிர்ந்தார். தட்டும் ஸ்பூனும் பேச்சுமாக அந்த மாடி கொஞ்ச நேரத்தில் கல்யாண மண்டபமாக மாறியிருந்தது. அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் கைக்கு உயிர் வந்தது. விரல் கம்பியில் போய்த் தானாக உட்கார்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு, இதுவரை வெளியே வராத அந்தச் சரணத்தை எடுத்தார்.

*ஊருக்கெல்லாம் பந்தி சொல்லி ஊடு வந்து நிக்குறேன்,*
*உண்டாச்சான்னு என்னக் கேக்க ஒருத்தி மட்டும் இருக்குறா.*
*தேங்காயத் தட்டிப் பாத்துத் திட்டிக்கிட்டே வாங்குறா,*
*தின்னாத வயிறறிஞ்சு தோசக்கல்லப் போடுறா.*

வரிசையில் நின்றவர்களின் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஆனால் யாரும் தட்டைக் கீழே வைக்கவில்லை, நல்ல காலம். பப்ஸைக் கையில் பிடித்தபடியே திரும்பி நின்று கேட்டார்கள். சென்னகேசவன் கேக்கை மெல்லுவதை நிறுத்திவிட்டார். அந்த மனிதர் ஆயிரக்கணக்கான பந்திகளில் மாரப்பனை அறிவிக்கச் சொல்லியிருக்கிறார், நீங்க உண்டீங்களா மாரப்பன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மாரப்பன் பல்லவியைத் திரும்பப் பாடி, கடைசிக் கம்பியைத் தட்டி, பாட்டை முடித்தார்.

கையில் தட்டு இருந்ததால் யாராலும் விரலைச் சொடுக்க முடியவில்லை. தட்டில் ஸ்பூனால் தட்டினார்கள். லோகப்பிரியா மட்டும் எதுவும் செய்யாமல், சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். வீட்டு விஷயத்தை நாலு பேர் முன்னால் போட்டு உடைத்ததற்குத் திரும்பும் வழியில், கிணத்துக்கடவு வரும்வரை திட்டு இருக்கிறது என்று மாரப்பன் நினைத்துக்கொண்டார்.

மீதிப் பாட்டுகளைச் சாப்பாட்டுச் சத்தத்துக்கு நடுவே தண்ணீர் பட்ட பாடாகப் பாடி முடித்தார். ஆறாவது பாட்டும் முடிந்து எழப் போகும்போது, கூட்டத்திலிருந்து கை மாறிக் கை மாறி ஒரு சீட்டு மேடைக்கு வந்தது. டிஷ்யூ பேப்பர், முட்டைப் பப்ஸின் எண்ணெய்க் கறையோடு. சீட்டைக் கண்டதும் மாரப்பனின் கை தன் பழைய வேலையைப் பார்த்தது. அதை விரித்து, மைக்கில், பத்தொன்பது வருடக் குரலில் கணீரென்று படித்தார்.

"கிணத்துக்கடவிலிருந்து லோகப்பிரியா அவர்கள், தமது வீட்டுக்காரருக்காக விரும்பிக் கேட்கும் பாடல், தேங்காய்ப் பாட்டு. ரெண்டாவது சரணத்துல இருந்து."

படித்து முடித்த வேகத்தில் பின்னால் திரும்பி, "ஆல்வின், இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டார்.

பின்னால் ஆல்வின் இல்லை. டிரம்ஸ் இல்லை, குழு இல்லை. ஒரு சுவரும், ஒரு மணி பிளாண்ட் தொட்டியும் இருந்தன. மாரப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பி, மைக்கில் வாயை வைத்து, தானே பதில் சொன்னார்.

"இருக்குதுங்க."